முதல் இடத்தில் நீளமுடிக்காரர்கள்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. கோழி ஷெட்டின் மேற்குப் பக்கத்துப் படுதா இரண்டு இடத்தில் கிழிந்து படபடவென்று அடிக்கிறது. தைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும். ஷெட்டில் வேலை பார்க்கும் ராசம்மாக்காவுக்குக் கண் சொட்டு மருந்து.

என் போன் சார்ஜில் இருந்ததால் முட்டை ரேட் பார்க்க அவர் போனை எடுத்தேன். அவர் குளித்துக் கொண்டிருந்தார். ரேட் மெசேஜுக்கு மேலேயே அவருடைய காலேஜ் குரூப். நூறு மெசேஜுக்கு மேல். அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று திறந்தேன். திறந்தது தப்புதான்.

யாரோ ஒரு கேள்வி போட்டிருக்கிறார்கள். அந்தப் பழைய இங்கிலீஷ் ராக் பேண்ட் உங்களுக்குப் பிடித்த ஐந்தில் வருமா, எத்தனையாவது இடம், காரணம் என்ன. நாற்பத்தைந்து வயது ஆண்கள் அடித்துக் கொள்கிறார்கள். ஒருவர் ஐந்தில் இல்லவே இல்லை என்கிறார். இன்னொருவர் அவர்களுக்கு அப்புறம்தான் மற்ற எவனும் என்கிறார். நம்மவர் போட்டது இது:

"என்னிக்கும் முதல் இடம். காரணம் நளினிக்குத் தெரியும்."

அதற்குக் கீழே நளினி. ஒரு சிரிப்பு, ஒரு கிடார் பொம்மை, "குமா, நீ மாறவே இல்ல."

குமாவாம். குமரேசன் என்று பெயர் வைத்த என் மாமியாருக்கே தெரியாத பெயர்.

துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். ரேட் என்ன என்று கேட்டார். சொன்னேன். இட்லி நான்கு சாப்பிட்டார். ஸ்கூலுக்குப் போனார். பன்னிரண்டாம் வகுப்புக்கு இன்று இன்டக்ரேஷன் ஆரம்பிக்கிறாராம். ஆரம்பிக்கட்டும்.

பேண்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்த நோட்டிலும் வந்து உட்கார்ந்து கொள்வார்கள். நெட்டில் படம் பார்த்தேன். நான்கு பேர். நான்கு பேருக்கும் என்னைவிட நீளமான முடி.

ஜூன் 10, செவ்வாய்

காற்று குறையவில்லை. படுதா தைத்தாயிற்று. ஊசி குத்தி இடது கட்டைவிரல் வீக்கம்.

கல்யாணமாகிப் பதினேழு வருடம். இந்த நீளமுடிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. காரில் பாட்டுப் போட்டால், "நிறுத்து சுமதி, ரோட்டப் பாத்து ஓட்டோணும்" என்பார். பாட்டே பிடிக்காத மனுசன் என்றுதான் நினைத்திருந்தேன். என்னோடு கேட்கத்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

நளினி பற்றித் தெரிந்தது: ஈரோட்டுக்காரி. கோயமுத்தூரில் ஒரே காலேஜ், ஒரே கிளாஸ். இப்போது பெங்களூர். எங்கள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள். ஆல்பத்தில் தேடினேன். மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை. சிரிக்கிறாள். நான் அந்தப் படத்தில் தலை குனிந்து கொண்டிருக்கிறேன்.

மாவு அரைக்கும்போது ஒன்று தோன்றியது. பாட்டா, அவளா, இதுதான் கேள்வி. பாட்டு நிஜமாகவே நன்றாக இருந்தால், யார் கொடுத்திருந்தாலும் அவருக்குப் பிடித்திருக்கும். அவள் கொடுத்தாள், அவ்வளவுதான். போஸ்ட்மேன் மாதிரி. பாட்டு மட்டமாக இருந்து, அதை முதல் இடத்தில் வைத்திருக்கிறார் என்றால் அது பாட்டுக்குக் கொடுத்த இடம் இல்லை. ஆகவே நான் கேட்டுப் பார்க்க வேண்டும். நேர்மையாக. எனக்குப் பிடித்த ஐந்தில் இது வருமா வராதா என்று.

சாயங்காலம் நாமக்கல் போய் மொபைல் கடையில் பென்டிரைவ் கொடுத்தேன். லாரிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் பாட்டு ஏற்றுவார்கள். கடைக்காரர் பேண்ட் பெயரைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த வண்டிக்குங்க அக்கா?"

"கோழி ஷெட்டுக்கு."

நாற்பத்தொரு பாட்டு ஏற்றிக் கொடுத்தார்.

ஜூன் 11, புதன்

மடத்தனம். என்னைப் போல மடச்சி இந்த ஜில்லாவில் கிடையாது.

ஷெட்டில் காலை ஐந்தரையிலிருந்து எஃப்.எம். ஓடிக்கொண்டே இருக்கும். எங்களுக்காக இல்லை, கோழிகளுக்காக. எந்நேரமும் ஏதாவது சத்தம் காதில் விழுந்து கொண்டிருந்தால் லாரி ஹார்னுக்கும் பட்டாசுக்கும் மிரளாது. மிரண்டால் முட்டை போச்சு. இந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்தவள் நான், அப்பா பண்ணையைத்தான் நடத்துகிறேன். எனக்குத் தெரியாதா. தெரிந்தும், வேலை செய்துகொண்டே கேட்கலாம் என்று அதே ஸ்பீக்கரில் பென்டிரைவைச் சொருகினேன். பழகின வால்யூம்தானே என்று.

முதல் பாட்டு மெதுவாகத்தான் ஆரம்பித்தது. ஒரு கிடார், யாரோ முனகுகிறான். நாற்பது நொடி. கோழிகள் சும்மா இருந்தன. திடீரென்று டிரம்.

எட்டாயிரம் கோழியும் ஒன்றாகக் கத்தி நான் கேட்டதில்லை. கூண்டுக்குள்ளேயே பறந்து மோதுகின்றன. ஷெட் முழுக்க இறகு. ராசம்மாக்கா தீவன வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தது.

"ஏனுங்க அம்மிணி, என்னங்க இது? பாட்டுங்களா, எங்க எடப்பாடித் தறிப் பட்டறைங்களா?"

"இங்கிலீஷ் பாட்டுக்கா."

"அத எனத்துக்குங்க கோழிக்குப் போடறீங்க?"

வழக்கமாக 240 அட்டை, அட்டைக்கு முப்பது முட்டை. இன்று 221. அதில் உடைந்தது பாதி அட்டை, ஓடே இல்லாமல் தோலோடு வந்தது எண்ணவில்லை.

முட்டை குறைந்ததற்கு அவரிடம் வெயில் என்று சொல்லிவிட்டேன். "காத்துதானே அடிக்குது" என்றார்.

ஜூன் 12, வியாழன்

எஃப்.எம்.முக்கு மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. பிடிவாதம். அம்மா எப்போதும் சொல்லும். ஆனால் இந்தத் தடவை சத்தத்தைக் கால்வாசிக்குக் குறைத்து, ஒரே மட்டத்தில் நாற்பத்தொன்றையும் ஓடவிட்டேன். மத்தியானத்துக்குள் கோழிகள் அடங்கிவிட்டன. 229 அட்டை.

நான் அடங்கவில்லை.

கேட்டவரை: பாதிப் பாட்டு தொண்டை கட்டினவன் கத்துகிற மாதிரி. வார்த்தை புரியவில்லை. ஒரு பாட்டு பதினோரு நிமிடம், அதற்குள் நான்கு வரிசை முட்டை எடுத்துவிட்டேன். ஐந்தில் வராது, ஐம்பதிலும் வராது. இதற்கா முதல் இடம்? இதற்கில்லை. அப்போது எதற்கு என்று தெரிந்து போயிற்று.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மோர் மட்டும்.

மகள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். சும்மா கேட்கிற மாதிரி பேண்ட் பெயரைச் சொல்லிக் கேட்டேன். "அம்மா, அவங்க லெஜண்ட்ஸ். உனக்கெப்படித் தெரியும்?" கோழிக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியக்கூடாதா என்று வைத்துவிட்டேன். பாவம், அவளிடம் எரிந்து விழுந்திருக்க வேண்டாம்.

ஜூன் 13, வெள்ளி

ஏழாவது பாட்டு.

கோயிலுக்குப் போய் வந்து, விரல் வீங்கியதால் மெதுவாக முட்டை எடுத்துக் கொண்டிருந்தேன். அப்போது ஓடியது. நேற்றும் ஓடியிருக்கும், காதில் விழவில்லை. ஒருத்தன் ரொம்பத் தூரத்திலிருந்து வீட்டுக்குப் போன் பேசுகிற மாதிரிப் பாடுகிறான். 'ஹோம்' என்கிறான், 'ரெயின்' என்கிறான், மற்றது புரியவில்லை. பாடி முடித்ததும் கிடார் தனியாக ஓடி, எல்லாம் நின்று, ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குச் சத்தமே இல்லை. அப்புறம் டிரம் விழுகிறது. எங்கள் மாரியம்மன் பண்டிகையில் பம்பை மேளம் ஒரு நொடி விட்டுப் பிடிக்குமே, அதே மாதிரி. எடுத்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

திரும்ப வைத்தேன். திரும்ப. பன்னிரண்டு தடவை இருக்கும். ராசம்மாக்காவே, "இது தேவலைங்க அம்மிணி" என்றது.

என் ஐந்து, உள்ளதைச் சொன்னால்:
1. பண்டிகைப் பம்பை
2. அப்பா வண்டியில் போடும் கேசட், இரண்டாவது பக்கம்
3. ஏழாவது பாட்டு
4. காலை எஃப்.எம். சாமிப் பாட்டு
5. இன்னும் யோசிக்கவில்லை

மூன்றாவது இடம். மூன்று நாள் கேட்ட எனக்கே மூன்றாவது என்றால், இருபது வயதில் கேட்டவருக்கு முதல் இடம் வராதா? வரும். அப்பாடா. பாட்டுதான். அவள் போஸ்ட்மேன்தான்.

இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன். 238 அட்டை.

ஜூன் 14, சனி

அப்பாடா என்று எழுதிய மை காயவில்லை.

சாப்பிடும்போது சொல்கிறார்: "நாளைக்கு நளினி வாரா. ஈரோட்டுக்கு அம்மாவப் பாக்கப் போறாளாம். போற வழில நம்மூட்டுக்கு வந்துட்டுப் போறேன்னா."

பெங்களூரிலிருந்து ஈரோட்டுக்குச் சங்ககிரி வழி. நாமக்கல் போற வழி என்று எந்த ஊர் மேப்பில் இருக்கிறது?

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஸ்பெஷல் டெஸ்ட் இருக்குதுங்களே" என்றேன்.

"லீவு சொல்லிட்டேன்."

என் அண்ணன் மகள் சீருக்குக் கிடைக்காத லீவு.

வாங்க: கோழி வேண்டாம் (பார்த்தாலே போதும்), மட்டன், தயிர், வாழை இலை. தலைக்கு டை. டையை நளினிக்காக அடிக்கவில்லை. எப்படியும் இந்த வாரம் அடிப்பதாகத்தான் இருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

பதினொன்றரைக்கு வந்தாள். தலை பாதி நரை. டை அடிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கடுப்பு.

நல்லவள்தான். அதையும் எழுதிவிட வேண்டும். மட்டனை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இலையை அவளே எடுத்தாள். ஷெட்டைப் பார்க்கணும் என்றாள். கூட்டிப் போனேன். அவரும் பின்னால் வந்தார். ஸ்பீக்கரில் நீளமுடிக்காரர்கள்தான் ஓடிக் கொண்டிருந்தார்கள். வேண்டுமென்றேதான் நிறுத்தாமல் வைத்திருந்தேன்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, கோழிக்கா இதப் போட்டிருக்கீங்க?"

"எனக்குங்க."

அவள் கண் கலங்கிவிட்டது. அவளே சொன்னாள்: "காலேஜ்ல நான் இந்தக் கேசட்டத் தூக்கிட்டு அலைவேன். யாரும் கேக்க மாட்டாங்க. ஒரே கிண்டல். இவன் ஒருத்தன்தான் ரெண்டு பக்கமும் முழுசாக் கேட்டுட்டு வந்து, நல்லா இருக்குதுன்னான். அன்னிக்கு நான் ஹாஸ்டல்ல அழுதுட்டேங்க."

காரணம் இதுதான். நளினிக்குத் தெரிந்த காரணம். எனக்குப் பாரம் இறங்கியது, பொய் சொல்வானேன். இவ்வளவுதானா என்று இருந்தது.

அப்போது ஏழாவது வந்தது. அவள் கூடவே பாடினாள், நன்றாகவே பாடினாள். "குமா, பாடு" என்று தோளில் தட்டினாள். அவர் உதட்டை அசைத்தார். தலையாட்டினார். டிரம் விழுகிற இடம் வந்தது. எல்லாம் நின்று, அந்த ஒரு மூச்சு. அவளும் காத்திருந்தாள், நானும் காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டிக் கொண்டே இருந்தார்.

அவருக்குத் தெரியவில்லை. அங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியவே இல்லை. மூன்று நாளில் எனக்குத் தெரிந்தது, ராசம்மாக்காவுக்குத் தெரியும், கோழிக்கே தெரியும்.

அவள் கண்ணை மூடியிருந்தாள். பார்க்கவில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பினாள். இரண்டு அட்டை முட்டை கொடுத்தேன். என்னைக் கட்டிப் பிடித்து, "உங்களுக்கும் புடிச்சிருக்குதுல்ல, அதுதாங்க எனக்குப் பெரிய சந்தோசம்" என்றாள். கார் ரோட்டில் ஏறுவது வரை அவர் கேட்டில் நின்றார். திரும்பி வந்து சேரில் உட்கார்ந்தார்.

"அந்தச் சத்தத்த நிறுத்து சுமதி. மண்ட வலிக்குது."

"உங்களுக்குப் புடிச்சதுதானுங்க."

"எங்க புடிச்சுது. எனக்கு என்னிக்குமே அது ஏறல. என்ன பாட்டோ."

"பின்ன நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களாமா?"

"எல்லாரும் கிண்டல் பண்ணுனாங்க. அவ மொகத்தப் பாத்தா பாவமா இருந்துச்சு. சொல்லிட்டேன்."

"இப்ப வரைக்கும் முதல் இடமுங்களா?"

"இப்ப எப்படி மாத்தறது?" என்றார். பேப்பரை எடுத்து விரித்துக் கொண்டார். ஒளிக்கவில்லை, முகம் மாறவில்லை. கேட்டேன், சொன்னார்.

ஸ்பீக்கரை நிறுத்தப் போனேன். நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

பாட்டு என்றால் பரவாயில்லை என்று நான்தான் கணக்குப் போட்டேன். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அவருக்குத்தான் பிடிக்கவில்லை. பிடிக்காததை இத்தனை வருடமாக முதல் இடத்தில் வைத்திருக்கிறார், அவள் முகம் வாடக்கூடாது என்று.

ஜூன் 16, திங்கள்

மேகமூட்டம். காற்று இல்லை. 240 அட்டை.

நேற்று ராத்திரி முழுக்க ஒன்றையே நினைத்துக் கொண்டிருந்தேன். இவர் பொய் சொல்லத் தெரியாத மனுசன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். என் அம்மா வீட்டில் சொல்லியிருக்கிறேன். மகளிடம் சொல்லி வளர்த்தேன். குழம்பில் உப்புக் கம்மி என்றால் கம்மி. நான் இளைத்திருக்கிறேனா என்றால் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறார், என்னிடம் ஒளிவுமறைவு இல்லை என்று பெருமை எனக்கு. பொறாமையாக இருக்கிறது. அந்த ஒரு பொய்யின் மேல்.

காலையில் பீரோவிலிருந்து ஒரு மாம்பழ மஞ்சள் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். விசேஷம் ஒன்றும் இல்லை. ஷெட்டுக்குப் போகிறவள் கட்டுகிற சேலையும் இல்லை. அவர் ஷூ மாட்டிக் கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன்.

"இது எனக்கு நல்லா இருக்குதுங்களா?"

நிமிர்ந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார், அவசரப்படவில்லை. அதற்குள் நான் முகத்தைக் கூடப் பாவமாக வைத்துக் கொண்டேன்.

"சுமார்தான் சுமதி" என்றார்.