கையை உதறிய கனவான்

ஓச்சோ ரியோஸ், ஜமைக்கா

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி தேவலையா? நான் சுகம்தான். கணுக்கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்படாதே.

நேற்று கப்பலில் வந்த சுற்றுலாக் கூட்டத்தை அருவிப் பாறைகள்மேல் ஏற்றினேன். எல்லாரும் கைகோத்துத்தான் ஏற வேண்டும். என் பக்கத்தில் நின்ற ஆள், "ஜமைக்காவில ஆம்பிளை வழிகாட்டியே இல்லையா?" என்று கையை உதறிவிட்டுத் தனியாக ஏறினான், வழுக்கினான். பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதில்தான் என் கால் பிசகியது. எழுந்தவன், "சட்டையைக் கிழிச்சிட்டியே!" என்றான்.

எங்கள் மேலாளர் ஆர்வில், "மன்னிப்புக் கேளு டென்சியா, கப்பல்காரங்க கோவிச்சுக்குவாங்க" என்றார்.

"அடுத்த தடவை சட்டையைக் காப்பாத்துறேன், ஆளை விட்டுடறேன்னு சொல்லுங்க!" என்றேன்.

நீ காய்ச்சும் எண்ணெயை பஸ்காரரிடம் கொடுத்தனுப்பு. வேண்டாம், நீயே எடுத்துக்கொண்டு வா. இங்கே தேய்த்துவிட யார் இருக்கிறார்கள்? வரும்போது ஈரப்பலாக்காய் சுட்டு எடுத்து வா.

அடுத்த கப்பல் ஊதிவிட்டது, ஓடுகிறேன். இன்றைக்கு எவனாவது கையை உதறினால் விழட்டும் என்று விடத்தான் ஆசை. விடமாட்டேன், அம்மா. அதுதான் எனக்கு ஆத்திரமே.

உன் மகள்,
டென்சியா