ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?

ஓயாமல் சந்தேகம் கேட்டு டவுட்டு என்று பேர் வாங்கின அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, முக்கால்வாசி நலம் என்று திருத்திக்கொள். மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்பாய். நம் வீட்டில் சமையலறையில் தும்மினால் வாசல்வரை கேட்கும், பக்கவாதத்தில் உங்கப்பாவுக்குப் பேச்சுதான் போயிற்றே தவிர காது பாம்புக் காது. பார், இப்படி எழுதினதை அவர் பழைய மனிதராக இருந்து படித்திருந்தால், பாம்புக்கு வெளிக்காதே கிடையாதுடி, எங்கே பார்த்தே என்று அரை மணி பிரசங்கம் செய்திருப்பார்.

கை காலெல்லாம் நன்றாகத் தேறிவிட்டது, தெருமுனைவரை நடக்கிறார். நம் மூக்குக்கண்ணாடிக் கடையை உன் அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறான். வாடிக்கையாளர்கள் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்ததும் பெரியவர் எங்கே என்கிறார்களாம். கண்ணில் வில்லையை மாட்டிக்கொண்டே தேனீக்கு அஞ்சு கண்ணு தெரியுமா என்று கேட்க ஆள் இல்லாமல் கடை கடையாகவே இல்லை என்கிறான். அவன் தேனீயை எங்கே கண்டான், அவனுக்குக் கல்லாப்பெட்டிதான் தெரியும். கடையிலேயே அப்படி என்றால் வீட்டில் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் நம் வீடு, ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கு ஒரு அதிசயம் சொன்னால்தான் இரண்டாம் தடவை சோறு, தப்பாகச் சொன்னவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டவர் அவர்தான். மரம் என்று ஒன்று உலகத்தில் வருவதற்கு முன்னாலேயே சுறா வந்துவிட்டது என்று நீ சொன்ன அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷம் உன் கல்யாணத்தில்கூட வரவில்லை. ரேடியோ நாடகத்தில் குதிரை ஓடுவதே கொட்டாங்குச்சிச் சத்தம்தான் என்று உன் அண்ணன் சொல்லிவிட்டு, நிரூபிக்கிறேன் பேர்வழி என்று கொட்டாங்குச்சியைத் தட்டின தட்டில் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். வாம்பேட்டோ என்னவோ, ஒரு பிராணி சதுரம் சதுரமாகக் கக்கா போகும் என்று நீ சோற்றில் கை வைத்திருக்கும்போது சொன்னாய், நான் திட்டினேன், அவர் எழுந்து நின்று கைதட்டினார். வீடு நிறைய இரைச்சல், எனக்குத் தலைவலி. அந்தத் தலைவலிக்கு இப்போது ஏங்குகிறேன் என்றால் நம்புவாயா.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள், தங்கமான பெண். கப்பு, சாவி, பூனை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டி, சொல்லுங்க சார் என்பாள். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். திமிங்கிலத்தைப் பற்றிப் பேசின மனிதனிடம் பூனையைக் காட்டினால் ரோஷம் வராதா. ஆனால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த சில மாசம்தான்மா முக்கியம், அவர் வாயைத் திறந்து முயற்சி பண்ணலேன்னா அப்புறம் கஷ்டம் என்றார். கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், சாமிக்கும் சொல்லிப் பார்த்தேன், வாயைத் திறக்கவே இல்லை.

போன வாரம் சாப்பிடும்போது அந்த அமைதி தாங்காமல் நானே வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் உங்க பொண்ணு சொல்லுவாளே, ஆக்டோபஸுக்கு ரெண்டு இதயம்னு, நமக்கு ஒண்ணையே கட்டி மேய்க்க முடியலை என்றேன். சத்தியமாக எனக்கு இரண்டு என்றுதான் ஞாபகம். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மூன்று விரலைக் காட்டினார். பாவம், பசிக்கிறது போலிருக்கிறது என்று மூன்று கரண்டி சோறு போட்டேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி மூன்று விரல். ஆகா, இன்றைக்கு நல்ல பசி என்று இன்னும் மூன்று கரண்டி போட்டேன். தட்டில் சோறு மலையாகக் குவிந்துவிட்டது, அவர் முகம் சிவந்துவிட்டது, தட்டைத் தள்ளிவிட்டு மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்து, மூ… மூணு என்றாரே பார்க்கலாம்! கரண்டி என் கையிலிருந்து விழுந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அப்புறம் விடுவேனா? வேளைக்கு ஒரு தப்பு சமைக்கிறேன். தாவர சாஸ்திரப்படி ஸ்ட்ராபெரிதான் பெர்ரி, வாழைப்பழம் இல்லை என்றேன், வாழை என்று திருத்தினார், வார்த்தை வருவதற்குள் காபி ஆறிவிட்டது. மாடி வீட்டுத் தையல்காரரிடமும் சொல்லி வைத்தேன். அவர் நூல் கோத்துக்கொண்டே, நிலாவுல நின்னு பார்த்தா சீனப் பெருஞ்சுவர் தெரியுமாமே சார் என்றார். தெ… தெரியாது, தப்பு என்று வந்தது. தையல்காரர் கீழே விழுந்த ஊசியைத் தேடுகிற மாதிரிக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பயிற்சிப் பெண் அட்டைகளைப் பைக்குள் போட்டுவிட்டு, நான் படிச்ச படிப்புல இது இல்லம்மா என்று சிரிக்கிறாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு என் மேல கோபமா, நான் கூப்பிடும்போதெல்லாம் குளிக்கிறார்னு சொல்றியே என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். கோபமும் இல்லை, குளியலும் இல்லை. உன் போன் மணி அடித்ததுமே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுவிடுகிறார். என்னிடமும் தையல்காரரிடமும் திக்கினால் பரவாயில்லை, உனக்கு மட்டும் அது கேட்கக் கூடாது. உலகத்திலேயே எல்லாம் தெரிந்தவர் அப்பா என்று நீதானே பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அந்த அப்பாவாகவே உன் காதில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். அசட்டு மனிதர்.

அதனால் வருகிற ஞாயிறு போனை எடுத்ததும் நலம் விசாரிக்காதே. நான் சத்தத்தைக் கூட்டிக் குளியலறைக் கதவுப் பக்கம் நீட்டுகிறேன். தங்கமீனுக்கு மூணு விநாடிக்கு மேல ஞாபகமே இருக்காது என்று உரக்கச் சொல். தப்பு என்று உனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்வது உனக்கு உயிர் போகிற மாதிரி இருக்கும், அவர் பெண்ணாச்சே. அம்மாவுக்காகச் சொல்லு. நான் அப்படியாடி, ஆச்சரியமா இருக்கே என்பேன். குழாய் நிற்கும் பார்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. முக்கியமாக ஒன்று, அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து தப்பு என்று சொன்னதும் நீ அழுதுவிடாதே. ஐயோ அப்பா என்று ஒரு வார்த்தை கரைந்தால் போதும், திரும்ப உள்ளே போய்விடுவார். எப்போதும் போலச் சண்டை போடு. இல்லப்பா, நான் சொல்றதுதான் சரி என்று அடம் பிடி. உனக்குப் பதில் சொல்லி ஜெயிக்காமல் அவர் போனை வைக்க மாட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரமாகும். நீ காத்திரு.

அன்புடன்,
உன் அம்மா