ஆண்டவர் சொல்லாத வாக்கு

ஆரணி,
12.12.1978

அன்புள்ள மகன் பவுல்துரைக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நீயும் மருமகளும் பிலாயில் சுகமாக இருப்பதை உன் கடிதத்தில் பார்த்தோம். அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், ஸ்வெட்டர் போடாமல் காலை ஷிப்டுக்குப் போகாதே. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மழை விட்டுவிட்டது, தறிக்குழியில் ஊறிக் கிடந்த தண்ணீர் வற்றி அப்பா போன வாரம்தான் மறுபடி தறியில் உட்கார்ந்தார். சுகச் செய்தி என்று எழுத இவ்வளவுதான் இருக்கிறது.

நவமணி எப்படிப் போனாள் என்று கேட்டிருந்தாய். தந்தியில் ஒரு வரிதான் கொடுக்க முடிந்தது. பெற்ற மகளைப் பறிகொடுத்த உன் தங்கை கிருபை எழுதமாட்டாள், மாப்பிள்ளை சத்தியராஜுக்கும் பேனா பிடிக்க மனம் இல்லை. எழுதவேண்டியவளும் நான்தான். நாளையோடு நாலு வாரம் ஆகிறது, இதுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. படித்துவிட்டு என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி.

வியாழக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. களம்பூரில் கம்பவுண்டர் மாத்திரை கொடுத்தார், விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கை கால் இழுத்துக்கொண்டது. மாப்பிள்ளை வேலை பார்க்கிற ரைஸ் மில்லிலிருந்து வேலூருக்கு அரிசி லோடு புறப்பட இருந்தது, அந்த லாரியிலேயே தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்கள். ஏழு மாதக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிருபையும் வந்தாள். நம் தெருமுனையில் நிறுத்தி என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நவமணியை என் மடியில் போட்டுக்கொண்டேன், புடவையைத் தாண்டி என் தொடை சுட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்ததும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், இது மூளைக்காய்ச்சல், எங்களால் ஆனதையெல்லாம் செய்கிறோம், நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று. ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லை, அதைத் தப்பாக நினைக்காதே.

வேண்டிக்கொள்ள எனக்கு யாராவது சொல்லித்தரவேண்டுமா. நீ டைபாய்டில் கிடந்தபோது பதினோரு நாள் முழங்காலில் நின்றேன், எழுந்து வந்தாய். உனக்கு வேலைக்கு ஆர்டர் வராமல் இருந்தபோது உபவாசம் இருந்தேன், வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகிவிட்டது எனக்கு. சபையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் சகாயம்மாளைக் கூப்பிடு, அந்தம்மா ஜெபம் பண்ணினால் ஆகும் என்பார்கள், அதைக் கேட்க எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில் துடைப்பமும் வாளியும் வைக்கிற இடம் ஒன்று இருந்தது. நாலு நாள் அங்கேதான் முழங்கால் போட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளை கண்ணைத் திறந்து என் விரலைப் பிடித்தாள், இழுப்பும் நின்றிருந்தது. நான் ஓடிப்போய் முழங்காலில் விழுந்தேன், அப்போது நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக என்னமோ பரவியது, பயமெல்லாம் போய்விட்டது. ஆண்டவர்தான் பேசுகிறார் என்று நினைத்துவிட்டேன். ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை பவுலு, நான் கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கிருபையைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. நாலு நாள் தூங்காத கண், பால் கட்டி ரவிக்கை நனைந்து காய்ச்சல் அடித்தது அவளுக்கும். நான்தான் சொன்னேன், ஆண்டவர் எனக்கு வாக்கு குடுத்துட்டாரு, நவமணி பொழச்சிக்குவா, நீ களம்பூர் போய் சின்னதுக்குப் பால் குடுத்துட்டு, குளிச்சி, ஒரு வாய் சாப்ட்டு சாயங்காலம் வா என்று. அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. நெஜமா சொன்னாராம்மா என்று கேட்டாள். சொன்னாரு என்றேன். திரும்பவும் கேட்டாள், திரும்பவும் சொன்னேன். அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் மாப்பிள்ளையையும் கூடவே போகச் சொன்னேன். ஏழு மணி பஸ்ஸில் போனார்கள். பதினொன்றே காலுக்குப் பிள்ளை போய்விட்டாள்.

மில்லுக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள் அவர்கள் திரும்பி வர பஸ் ஏறிவிட்டார்கள். நான் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கிருபை தலை வாரிப் பின்னிக்கொண்டு வந்தாள், முகத்தில் கொஞ்சம் தெளிச்சி இருந்தது. கையில் ஒரு பை, வீட்டுக்குப் போகும்போது பிள்ளைக்குப் போட பச்சைப் பாவாடை எடுத்து வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அழுது கூச்சல் போடுவாள் என்று நினைத்தேன், இல்லை. நீ சொன்னியேம்மா என்றாள். அவ்வளவுதான். அன்றையிலிருந்து என்னோடு அவள் பேசவில்லை. அந்தப் பாவாடையைப் போட்டுத்தான் அடக்கம் பண்ணினோம்.

சபையிலிருந்து எல்லாரும் வந்தார்கள். போதகர் ஐயா, ஆண்டவர் தமக்குப் பிரியமான பூவைப் பறித்துக்கொண்டார் என்றார், நல்ல மனுஷர், ஆறுதலுக்குத்தான் சொன்னார், எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. விசுவாசத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கும் என்று ஒரு அம்மா என் காதில் விழும்படி சொன்னாள். எதிர்வீட்டுக் காசியம்மாள் நவமணிக்காகப் படவேடு போய் அம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்தவள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் வேண்டிகினுதான் வந்தேன் அக்கா என்று அழுதாள். பிள்ளை பிழைக்கும் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை பாரு. வேண்டிக்கொண்டதோடு நின்றாள். எனக்கு அந்த அடக்கம் இல்லாமல் போயிற்று.

அதிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போடுகிறேன், வாயைத் திறந்தால் நீ சொன்னியேம்மா என்பதுதான் கேட்கிறது. கோயிலில் பாட்டுக்கு உதடு அசைக்கிறேன். ஒரு நாள் அப்பாவிடம் அழுதேன், நான் ஆண்டவர்கிட்ட ஏமாந்துட்டேன் என்று. அப்பா அதிகம் பேசாதவர், உனக்குத்தான் தெரியுமே. தறியை நிறுத்திவிட்டு, அவரு உன்னாண்ட இன்னா சொன்னாரு ஏமாத்தறதுக்கு, நீதான் அவரு பேருல சொல்லிட்ட, அதை அவராண்ட சொல்லு, கிருபையாண்டயும் சொல்லு என்றார். சுருக்கென்று இருந்தது, ஆனாலும் அதுதான் நிஜம்.

அதனால் போன திங்கட்கிழமை களம்பூர் போனேன். கிருபை காப்பி கொடுத்தாள், முகம் பார்க்கவில்லை. சின்னதை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆண்டவர் ஒண்ணும் சொல்லலம்மா, நான்தான் ஆசையில சொல்லிட்டேன், என்னால நீ கடைசியா உன் புள்ள பக்கத்துல இல்லாம போயிட்ட என்றேன். சுவரைப் பார்த்தபடியே, அவ கண்ண தொறந்தாளா, என்னைக் கேட்டாளா என்றாள். இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். ஒரு தரம் பொய் வாக்குச் சொன்ன வாய், மறுபடி அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. கேட்டாம்மா, ஒரு தரம் அம்மான்னா, அம்மா வந்துகினு இருக்கான்னு சொன்னேன், என் கையைப் பிடிச்சிகினு இருந்தா என்றேன். கிருபை சின்னதைப் பாயில் படுக்கவைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மாப்பிள்ளைதான் பஸ் ஏற்றிவிட வந்தார், கொஞ்ச நாளு போவட்டும் அத்தை, அப்பறம் வாங்க என்றார், மரியாதையாகத்தான் சொன்னார். நான் செய்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

ஆனால் திரும்பி வருகிற வழியில், பஸ்ஸில் நின்றபடியே, ஆண்டவரே நீர் சொல்லாததை நீர் சொன்னதாகச் சொல்லிவிட்டேன் என்று மனசுக்குள் சொன்னேன். நவமணி போனபிறகு ஜெபமாக முதலில் வந்தது அந்த ஒரு வரிதான். பதில் ஒன்றும் வரவில்லை, வெதுவெதுப்பும் இல்லை, வெறும் பஸ் சத்தம்தான். ஆனாலும் கேட்க யாரும் இல்லாத இடத்தில் அதை நான் சொன்னதாகத் தோன்றவில்லை. இதற்கு மேல் ஒன்றும் சேர்த்து எழுதமாட்டேன், எனக்குச் சேர்த்துச் சொல்கிற பழக்கம் இருக்கிறது.

கிருபைக்கு நீ கடிதம் போடு. ஆண்டவர் ஆற்றுவார், எல்லாம் நன்மைக்கு என்று அதில் எழுதாதே. நவமணி பேரை எழுது, போன கோடையில் நீ வந்தபோது உன் தோளில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றாளே, அதை எழுது, நீயும் அழுதாய் என்று எழுது. கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குத் துணி எதுவும் அனுப்பவேண்டாம்.

மருமகளுக்கு ஏழாம் மாதம், பயப்படுகிறாள், நல்லபடியாகப் பிரசவம் ஆகும் என்று நீங்கள் ஜெபித்து ஒரு வரி எழுதுங்கள் அம்மா, உங்கள் வாக்கு பலிக்கும் என்று எழுதியிருந்தாய். ஆகும் என்று எழுத என்னால் முடியாது மகனே, கோபித்துக்கொள்ளாதே. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இன்று காலையில் அவள் பேரையும் பிள்ளையையும் சொல்லி ஆண்டவரிடம் கேட்டேன், நாளைக்கும் கேட்பேன். கேட்டேன் என்பதை மட்டும் அவளிடம் சொல். எட்டாம் மாதத்தில் வெயிட் தூக்கவிடாதே, டாக்டர் சொன்ன தேதிக்குத் தவறாமல் அழைத்துப் போ. ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
சகாயம்மாள்