மருந்துதான்

செவ்வாய்த் தளம், மருத்துவப் பிரிவு
பதிவு: ஆய்வாளர் இன்பவல்லி

நாள் 412, 07:10
வார்டில் நால்வர். சுரங்கச் சரிவில் கால் முறிந்தவர்கள், தேறி வருகிறார்கள். புழுதிப் புயலில் டாக்டர் சுரங்க முகாமிலேயே சிக்கிக்கொண்டார். நானும் நர்ஸ் பொற்கொடியும்தான். வார்டு தண்ணீர்த் தொட்டிக்கு இன்று குளோரின். பசுமைக்கூடத்து ரெஜினா வந்து போட்டுவிட்டுப் போனாள்.

09:40
கஞ்சி குடித்த நால்வருக்கும் வாந்தி, வியர்வை, வாயில் நுரை. கண் பாப்பா கடுகளவு. வானொலியில் கேட்டேன்.
"ரெஜி, தொட்டியில என்ன போட்ட?"
"மருந்துதாம் பிள்ள. எப்பவும் போடுறதுதான்."
பூமியில் பயிற்சி விடுதியில் ஆறு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். 'தண்ணீர்: சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அரிசியைச் சந்தேகித்தேன். தொட்டித் தண்ணீரில் உப்புச் சர்க்கரை கலக்கி நால்வருக்கும் கொடுத்தோம்.

11:25
ரத்தத்தில் பூச்சிக்கொல்லி. தொட்டியை மூடிவிட்டேன். முறிக்க அட்ரோபின் வேண்டும். இருந்த ஆறு ஊசியும் தீர்ந்தது. இருவர் இறந்தார்கள்.

எங்கள் பேச்சில் தண்ணீருக்குப் போடுவதும் மருந்து, செடிக்கு அடிப்பதும் மருந்து. நான் எந்த மருந்து என்று கேட்கவில்லை.

பசுமைக்கூடத்தில் இதற்கென்றே ஒரு பெட்டி உண்டு. அட்ரோபின் பன்னிரண்டு ஊசி. கேட்டேன். காலாவதியாகி எப்போதோ வீசியாயிற்று என்றாள் ரெஜினா.

12:50
மூன்றாமவரும் போய்விட்டார். ரெஜினாவைத் திரையில் அழைத்தேன். குற்றவாளிகள் கண்ணைப் பார்க்க மாட்டார்கள் என்று படித்திருக்கிறேன். இவள் பார்த்தாள். அவள் கண் பாப்பா இரண்டும் அகல விரிந்திருந்தன. அட்ரோபின் ஏறிய கண். எப்போது போட்டுக்கொண்டாய் என்றேன்.
"டப்பா மாறிப்போச்சு பிள்ள. காலையில கையில தெறிச்சப்பதான் தெரிஞ்சுது. நான் பொய் சொல்லல. மருந்துன்னுதான சொன்னேன்? தண்ணி சரின்னு கையெழுத்து போட்டது நீ."

நான் கேட்டபோது அவளுக்குத் தெரியும். தனக்கு ஊசி போட்டுக்கொண்டபிறகுதான் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறாள்.

13:20
மிச்சம் குமரகுரு ஒருவர். பொற்கொடி பையை அமுக்கி அவருக்கு மூச்சுக் கொடுக்கிறாள். நான் பசுமைக்கூட வாசலில் இருக்கிறேன். கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. வானொலியில் சொன்னேன்:
"ரெஜி, கையெழுத்து என்னுதுதான். எல்லாம் என் தப்புன்னே எழுதிக்கிறேன். ஊசிய மட்டும் வெளிய வை."

13:31
கதவை நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை.

13:38
இணைப்பைத் துண்டிக்கவில்லை அவள். மூச்சு விடுவது கேட்கிறது.

13:44
பொற்கொடி அழைத்தாள். அமுக்குவதை நிறுத்திவிட்டாளாம்.
இந்தப் பக்கம் இன்னும் மூச்சு கேட்கிறது.