கீழ் மீட்டர்

கோபத்தில் இருக்கும் தம்பிக்கு அக்கா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் "இங்கே வேலைக்கு வராதேடா" என்றதும் நீ பட்டென்று வைத்துவிட்டாய். பிட்டர் வேலை பார்க்கும் தம்பியை ஆபீஸில் காட்ட அக்காவுக்கு வெட்கம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அடப்பாவி, இந்த வேலைக்கு உன் பெயரைக் கொடுத்ததே நான்தான்.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். நியூட்ரினோ என்ற துகள் எதிலும் சிக்காமல் ஊடுருவிப் போய்விடும். எப்போதாவது ஒன்று அணுக்கருவில் மோதும். அப்போது தெறிக்கும் துகள்களைத்தான் அளக்கிறோம்: எத்தனை, எந்தப் பக்கம், என்ன வேகம். அதற்காக நிலத்தடியில் தோண்டிய குழிக்குள் வீடளவு தொட்டி வைத்து, ஆர்கான் வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக நிரப்பியிருக்கிறோம். தெறித்ததைத் தொட்டிக்குள் வரிசையாகக் கட்டிய கம்பிகளில் ஒரே ஒரு கம்பி மட்டும் காட்டினால் அது வெறும் இரைச்சல் என்று தள்ளிவிடுவோம். பதினோரு வருடமாக இதுவே புத்தியில் ஊறிவிட்டது.

குழிக்குள் ஆக்சிஜனை அளக்க மூன்று மீட்டர்கள் உண்டு. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, தரையோரம் ஒன்று. போன வாரம் தரையோர மீட்டர் மட்டும் ஆக்சிஜன் குறைவு என்று கத்தியது. "மூணுல ரெண்டு சரிங்குது. இது இரைச்சல்தாம்மா, எழுதிக் குடு" என்றார் மேலாளர். மீட்டர் பழுது என்று கையெழுத்துப் போட்டேன். ஆர்கான் காற்றைவிடக் கனம், கசிந்தால் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டுத் தரையில்தான் தேங்கும், நிறமும் வாசனையும் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்தது அங்கே நின்ற படித்த முட்டாள்கள் எங்கள் நான்கு பேருக்குத் தோன்றவில்லை.

அதை மாற்ற இறங்கிய பிட்டரை நாங்கள் நெட்டை என்று கூப்பிடுவோம். நின்றிருந்த வரைக்கும் கேலி பேசிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ கழற்றக் குனிந்தவர் நிமிரவே இல்லை. கயிறு போட்டு இழுத்தோம். நாலு நாளாக ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. அவர் மனைவி என்னிடம், "சாப்பிடாம வந்ததால மயக்கம்னு உங்க மேனேஜர் சொல்றாரு. அப்படியா மேடம்?" என்று கேட்டாள்.

கசிவு என்று ஒப்புக்கொண்டால் அளவெடுப்பு ஆறு மாதம் நின்றுவிடும் என்கிறார் மேலாளர். திங்கட்கிழமை மீட்டரை மாற்றப் புது ஆளை இறக்கப் போகிறார். அந்தப் புது ஆள் நீதான்.

அவர் கூப்பிட்டால் கையில் அடிபட்டிருக்கிறது என்று சொல்லிவிடு. பொய்தான், சொல். எனக்கே உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தாலும் ரயில் ஏறாதே. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. கையெழுத்துப் போட்டவள் நான். திங்கட்கிழமை குழியில் இறங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நல்லா இருடா. அம்மாவுக்குப் பிள்ளை ஒன்றாவது பக்கத்தில் இருக்கட்டும்.

உன் அக்கா