அரஃபாவில் நின்றீர்களா, அத்தா?

அன்பும் பிடிவாதமும் ஒன்றாய் வாய்த்த என் அத்தாவுக்கு,

அரஃபாவில் நின்ற பிறகு உங்கள் உயிர் போயிற்றா, நிற்கும் முன்பே போயிற்றா? எனக்குத் தெரியவில்லை. ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் நீங்கள் மவுத்தானதாகத் தந்தி வந்தது. எங்கே, எந்த நாளில் என்று அதில் இல்லை.

அம்மா கேட்பது அந்த ஒன்றைத்தான். கஞ்சியை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். "நின்னாரா இல்லியா, அத மொதல்ல சொல்லு." உடம்பில் எலும்புதான் மிச்சம். பார்க்கப் பயமாக இருக்கிறது.

காபாவைச் சுற்றி வந்திருந்தாலும், மற்றதெல்லாம் முடித்திருந்தாலும், அந்த ஒரு நாள் அரஃபா என்ற வெட்டவெளியில் நிற்காதவருக்கு ஹஜ் இல்லை. கல்லூரியில் படித்து, எதற்கும் ஆதாரம் கேட்டே பழகிய எனக்கும் அந்த இடத்தின் மேல் ஒரு மரியாதை உண்டு. முத்தமிட அங்கே கல் இல்லை, சுற்றிவரச் சுவர் இல்லை. வெறும் வெளி. அரசனும் கூலிக்காரனும் தைக்காத வெள்ளைத் துணியில் நின்று, செய்ததையெல்லாம் சொல்லி அழுகிறார்கள். நிற்பதுதான் அங்கே வணக்கம்.

அதற்காகத்தானே நாகரசம்பட்டி மாந்தோப்பில், வலிக்கிற முழங்காலோடு உச்சி வெயிலில் நின்று பழகினீர்கள்? பக்கத்து நிலத்து முனுசாமி கவுண்டர் சிரித்தாரே, "ஏன் பாய், தோப்பத்தான் குத்தகைக்கு எடுத்தியா, நெழல எடுக்கலியா?" என்று. குடை பிடிக்கத் தடையில்லை என்று நான் படித்துச் சொன்னேன். "ரெண்டு கையும் ஏந்தணுமேம்மா, கொடைய யாரு புடிப்பா?" என்றீர்கள்.

பள்ளிவாசல் இமாம் வந்து, "வழியில மவுத்தானாலும் முழுக் கூலி உண்டும்மா, மனச விட்ராதீங்க" என்று சொல்லிப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, "கூலிக்கா போனாரு? நிக்கத்தான போனாரு" என்றாள். அவர் எழுந்து போய்விட்டார்.

உங்களோடு ஒரே கூடாரத்தில் தங்கிய பாரூர் காதர் மாமா ஊர் திரும்பிவிட்டார். நாளை நம் வீட்டுக்கு வருகிறார். அம்மா இத்தாவில் இருக்கிறாள். கணவனை இழந்து அந்தச் சில மாதங்கள் அந்நிய ஆண் முன் வரமாட்டாள். கேள்வியை நான்தான் வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். பதிலை நான்தான் உள்ளறைக்குக் கொண்டுவர வேண்டும்.

தம்பி சொல்கிறான்: "அக்கா, அவரு என்ன சொன்னாலும் சரி, நின்னாருன்னே உள்ள போயி சொல்லிடு. அம்மா பொழைக்கட்டும்."

எதையும் எளிதில் நம்பாதவள் என்பதால் எனக்குப் பொய் எளிதில் வரும் என்று நினைத்துவிட்டானா? நாளை உள்ளே திரும்பும்போது நான் என்ன சொல்வேன், அத்தா? நீங்களாவது சொல்லக்கூடாதா?

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காதர் மாமா உட்காரவில்லை. "மினாவுலம்மா, கூடாரத்துல. அரஃபாவுக்குக் கெளம்பற அன்னிக்கி விடியக்கால சுபுஹு தொழுதுட்டு அப்பிடியே ஒக்காந்தாரு. எந்திரிக்கல" என்றார்.

"அப்ப நிக்கலியா, மாமா?"

"இல்லம்மா." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பொய்யோடுதான் உள்ளே போனேன். அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. "நிக்கலம்மா" என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சி ஆறிப்போயிற்று. தம்பி என்னோடு பேசவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பிறகு, சுவரைப் பார்த்தபடியே அம்மா பேசினாள். "தம்பியக் கூட்டிக்கிட்டு நீ போ. அவருக்காக நீ ஹஜ்ஜு செய்யி. நீ நில்லு."

"எனக்கு கையேந்தி துஆ கேக்க வருமான்னே தெரியலியேம்மா."

"அழ வரும்ல?"

"வரும்" என்றேன்.

இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். அதற்கு மேல் இறங்கவில்லை. நான் கப்பலேறும் வரை அவள் இருப்பாளா, தெரியாது. ஆனாலும் வருகிறேன், அத்தா. உங்கள் பெயரைச் சொல்லி அந்த வெளியில் பொழுது சாயும் வரை நிற்கிறேன்.

உங்கள் மூத்த மகள்