மூன்றாவது முயல்

அக்கா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பதாக நினைத்துக்கொள். விடுதியில் உன்னோடு தங்கியிருக்கும் அந்த அக்காவுக்கும் வேண்டாம். நல்லவள்தான், இருந்தாலும் வேண்டாம். கடைசியில் உனக்கு ஒரு வேலை சொல்லியிருக்கிறேன். அதை முடித்த கையோடு கிழித்துப் போட்டுவிடு.

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை எழுதுவது. இரவு ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்துவிடுவதாகப் போன முறை எழுதியிருந்தாய். அப்படிச் செய்யாதே. எனக்கு இருமல் போய்விட்டது. கணக்கில் எழுபத்தொன்று வாங்கினேன். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக வருகிறது, திட்டாதே. சித்தியின் அறையில் குறட்டைச் சத்தம் கேட்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்தே கேட்கவில்லை.

நீ போன பிறகு சித்தியின் மாலை வகுப்பு பெரிதாகிவிட்டது. முன்கூடம் போதாமல் பின்னறையிலும் பாய் விரிக்கிறோம். ஒன்றாவது முதல் மூன்றாவது வரை படிக்கிற பிள்ளைகள், மொத்தம் இருபத்திரண்டு. திங்கள் மணிச்சட்டக் கணக்கு, செவ்வாய் ஓவியம், புதன் கதை வாசிப்பு, வியாழன் காகித வேலை. பசை டப்பாவைத் திறந்து கொடுப்பது, மூக்கைத் துடைத்துவிடுவது, மாலையில் வாசலில் நின்று பிள்ளைகளை ஒப்படைப்பது எல்லாம் என் வேலை. சித்தியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவளைப் போல் சொல்லிக்கொடுக்க யாராலும் முடியாது. ஆறும் நாலும் எவ்வளவு என்று கேட்டால் ஒரு பொடியன், "நேத்தே சொன்னேனே டீச்சர், இன்னைக்கும் அதேதான்" என்பான். சித்தி கொஞ்சமும் கோபப்படாமல், "அப்ப நாளைக்கும் மாறாமப் பாத்துக்கடா ராசா" என்பாள்.

ஒப்படைப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மிருகப் படம். பிள்ளையின் கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். கூட்டிப்போக வருகிறவர் கையிலும் அதே படம் போட்ட அட்டை இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு பையனின் மாமாவை நான் "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு ரோஷம் வந்து பையனை வகுப்பிலிருந்தே நிறுத்திவிட்டார். அன்றைக்குச் சித்தி சட்டம் போட்டாள்: "மூஞ்சியப் பாக்காத, அட்டையப் பாரு. அட்டை இருந்தா அனுப்பு. வாயத் திறக்காத."

முயல் அட்டை சுண்டெலியுடையது. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பென்சிலின் பின்பக்கத்தை எந்நேரமும் கொறித்துக்கொண்டிருப்பாள், அதனால் அந்தப் பெயர். "எலிகிட்ட எப்பிடிக்கா முயல் அட்டை இருக்கும்?" என்று அவளே கேட்டு அவளே சிரிப்பாள். அவள் அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. ஆறு மணிக்கு மேல்தான் வருவார். தலைமுடியில் நூல்துண்டு ஒட்டியிருக்கும்.

போன வியாழக்கிழமை காகித வேலை வகுப்பில் எல்லோருக்கும் புது அட்டை செய்தோம். பிள்ளைகளே வரைந்து வண்ணம் தீட்டினார்கள். நான் பிளாஸ்டிக் உறை ஒட்டும் மெஷினில் விட்டு எடுத்துக் கொடுத்தேன். சுண்டெலி மூன்று முயல் வரைந்திருந்தாள். ஒன்று உனக்கு, ஒன்று அம்மாவுக்கு, மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன். "அப்பாவுக்கு. அப்பாகிட்ட மட்டும் இல்லேன்னா பாவம்ல?" என்றாள். அவள் அப்பா தனியாக இருக்கிறார் என்று தெரியும். எப்போதாவது பள்ளிக்கூட வாசலில் வந்து பார்ப்பார் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ரொம்பக் கெஞ்சினாள். மெஷினும் சூடாகத்தான் இருந்தது. ஒட்டிக் கொடுத்துவிட்டேன். சித்தியிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஐந்தே முக்கால் மணி. சித்தி பின்னறையில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். வாசலில் ஒருவர் வந்து முயல் அட்டையைக் காட்டினார். நான் அட்டையைத்தான் பார்த்தேன். சுண்டெலி "அப்பா!" என்று ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் குனிந்து அவள் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு, "பிள்ளைங்கள நல்லாப் பாத்துக்கறம்மா, சந்தோசம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. பதிவேட்டில் நேரத்தைப் போட்டு, பக்கத்தில் 'அப்பா' என்று எழுதினேன். பச்சை நிறத்தில் சின்ன லோடு வண்டி, பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது. சுண்டெலி ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, பெரியப்பா வீட்டுக் குதிரையப் பாக்கப் போறோம்!" என்று கத்தினாள். நான் கையாட்டினேன்.

உள்ளே போய்ச் சித்தியிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த மணிச்சட்டம் கீழே விழுந்தது. பிள்ளையைச் சேர்க்கும்போதே அந்த அம்மா, "அவரு வந்தா மட்டும் அனுப்பிடாதீங்க டீச்சர்" என்று சொல்லியிருக்கிறார். சித்தி அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. என்னிடம் சொல்லவும் மறந்துவிட்டாள்.

ஆறேகாலுக்கு அந்த அம்மா வந்தார். சித்தி எனக்கு முன்னால் போய் வாசலை மறித்து நின்றுகொண்டு, "இன்னைக்குப் பாப்பா வரவே இல்லைங்களே. நீங்க லீவு போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அந்த அம்மா முதலில் சிரித்தார். "வெளையாடாதீங்க டீச்சர்" என்றார். அப்புறம் செருப்பு அலமாரியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று இரவு சித்தி பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். என் கையெழுத்து என்பதால் என்னையே புதுப் பக்கம் எழுத வைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்தச் சோற்றைப் பிசைந்தது என் கைதான். மறுநாள் போலீஸ் வந்து விசாரித்தபோது ஒரு வாண்டு, "சுண்டெலி வந்தாளே, என் ரப்பரக் கூட எடுத்தாளே" என்றது. சித்தி அதன் தலையைத் தடவி, "இதுங்களுக்கு நேத்து எது, முந்தாநேத்து எதுன்னு தெரியாதுங்க சார்" என்றாள். என்னைக் கேட்டார்கள். வரவில்லை என்று தலையாட்டினேன். வாயால் சொல்லவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

அவள் அப்பாவுக்குப் போலீஸ் போன் செய்ததாம். வெளியூருக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அழுதாராம். அதனால் சந்தேகமெல்லாம் பீப்பி மாமா மேல் திரும்பிவிட்டது. பள்ளியிலிருந்து பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிவருபவர் அவர்தான். ஹாரன் அப்படிக் கத்தும், அதனால் அந்தப் பெயர். "வாசல்ல எறக்கி விட்டேன் சார், உள்ள போறதப் பாத்தேன்" என்று அவர் சொல்ல, வரவே இல்லை என்று நாங்கள் சொல்ல, நேற்று அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மனைவி இன்று மத்தியானம் ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோய், திறக்காத டிபன் கேரியரோடு எங்கள் தெரு வழியாகத் திரும்பி வந்தார். வாய்க்காலில் கொக்கி போட்டுத் தேடுகிறார்கள்.

நான் தூங்காததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஓவிய வகுப்பில் சுண்டெலி பெரியப்பா வீட்டை வரைந்தாள். கல் உடைக்கும் மெஷின், ஒல்லிக் குதிரை, பெரிய தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் ஒரு தலை மட்டும் தெரிந்தது. யாரது என்று கேட்டேன். "நான்தான். அப்பாவுக்குக் கோவம் வந்தா உள்ள நிக்க வெப்பாரு. கழுத்து வரைக்கும்தான்க்கா. அப்புறமா மிட்டாய் வாங்கித் தருவாரு" என்றாள். கதை விடுகிறாள் என்று நினைத்து, படம் நன்றாக இருக்கிறதென்று ஒரு நட்சத்திரம் ஒட்டினேன். அது இன்னும் சுவரில்தான் இருக்கிறது. போலீஸ்காரர் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

சித்தியிடம் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். "பெத்த அப்பன்தானே, ரெண்டு நாள்ல கொண்டாந்து விட்டுடுவான். வெளிய தெரிஞ்சா வகுப்ப மூடிருவாங்க. உங்க அக்கா நர்சு படிப்பு, உன் படிப்பு, என் சோறு எல்லாம் அந்தப் பாய் மேலதான் உக்காந்திருக்கு. மூணாவது அட்டைய ஒட்டுனது யாரு? நான் பொய் சொன்னது உன்னக் காப்பாத்தத்தான்டி" என்றாள். சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா போன அன்று நம் இருவரையும் அப்படித்தான் கட்டிக்கொண்டாள், உனக்கு நினைவிருக்கும். அவளை எப்படிக் காட்டிக்கொடுப்பேன்? போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். பள்ளிக்கூட வாசல் வரை கூடவே வருகிறாள்.

நீ செய்ய வேண்டியது இதுதான். சுண்டெலியின் அம்மாவுடைய போன் நம்பரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கூப்பிட்டு, திங்கட்கிழமை அவள் அப்பாதான் கூட்டிப்போனார், பச்சை லோடு வண்டி, கல் குவாரிக்குப் பக்கத்தில் பெரியப்பா வீடு, தொட்டி இருக்கிறது, சீக்கிரம் போங்கள் என்று சொல். பீப்பி மாமா பொய் சொல்லவில்லை என்றும் சொல். யார் பேசுவது என்று கேட்டால் வைத்துவிடு.

நாளை என் தோழி இதைத் தபாலில் போடுவாள். இன்று புதன். உன் கைக்கு வரச் சனிக்கிழமை ஆகும். எண்ணிப் பார்த்தால் இன்னும் மூன்று இரவு. அந்த அம்மா தினமும் எங்கள் வாசலுக்கு வந்து நிற்கிறார். நான் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எனக்குத்தான் நாக்கு எழவில்லை. என்னை வெறுத்துவிடாதே அக்கா. நீ பார்த்துக்கொள்ளும் நோயாளிகளுக்காக வேண்டிக்கொள்வாயே, அப்போது அந்தக் குழந்தையையும் சேர்த்துக்கொள். தண்ணீர் கழுத்துக்கு மேல் வராமல்

தெருக் கதவைத் தட்டுகிறார்கள். அந்த அம்மாதான். "டீச்சர், ஒரே ஒரு நிமிசம், வாசல்ல நிக்கிற அந்தப் பொண்ணையாவது கூப்பிடுங்க" என்கிறார். சித்தி என் அறை வாசலில் வந்து நின்று, "அசையாத. மூச்சு விடாத" என்கிறாள். மறுபடியும் தட்டுகிறார்.

சனிக்கிழமை வரைக்கும் வேண்டாம் அக்கா, நானே போய்